சாயல்குடியில் மாட்டிக்கொண்டோம்: நியூட்ரலில் ஓடுகிறது, கியர் போட்டால் அணைகிறது

வைகைக்கரை:

வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நானும் என் சகலையும் ஆளுக்கொரு வண்டியில் மதுரையிலிருந்து கிளம்பினோம். ராமேஸ்வரம், தனுஷ்கோடி பார்த்துவிட்டு, திரும்ப ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து கடலோரமாகவே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மாரியூர், சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, மணப்பாடு என்று போவதாகப் பேச்சு. என்னுடையது ஸ்போக் வீல், உயரமான அட்வென்ச்சர் வண்டி, பிஎஸ் 6. எந்த கம்பெனி என்று சொன்னால் இங்கே வேறு சண்டை ஆரம்பித்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். சகலையுடையது கிக்கர் வைத்த பழைய 350.

அரிச்சல்முனையில் அன்றைக்குச் சரியான ஆடிக் காற்று. தென்பக்கத்து ஆண் கடல் ரோட்டோரக் கல் மேல் ஏறி அடிக்கிறது, மணல் ரோட்டின் குறுக்கே பாம்பு மாதிரி ஓடுகிறது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சைடு ஸ்டாண்டு மணலில் இறங்கி வண்டி சாயப் போக, சகலை ஓடி வந்து பிடித்தார். அப்புறம் ஒரு தட்டைக் கல்லைத் தேடி எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்தோம். மாலையில் ராமேஸ்வரம் லாட்ஜில் பைப் போட்டு வண்டியை நன்றாகக் கழுவியும் விட்டேன்.

மறுநாள் காலையில்தான் கோளாறு ஆரம்பம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்தால் அருமையாக நிற்கிறது. கிளட்ச் பிடித்து முதல் கியர் போட்ட அந்த நொடியே இஞ்சின் ஆஃப். மீட்டர், ஹெட்லைட், ஹாரன் எல்லாம் வேலை செய்கிறது. திரும்பத் திரும்ப இதே கதை. டீ குடித்துவிட்டு வெயில் ஏறியதும் வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி வரை ஒரு குறையும் இல்லை.

இன்று காலையில் ஏர்வாடியில் இருந்து கிளம்பி வாலிநோக்கம் தாண்டியதும், உப்பளம் இருக்கிற பகுதியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தால் வருகிறது, கியர் போட்டால் போகிறது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. இருப்பதெல்லாம் சீமைக் கருவேலம், அதன் கீழே உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சகலை தன் வண்டியில் இருந்தபடியே என் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் கால் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அது மணல் ஏறிய ரோட்டில் சரிப்படவில்லை. கடைசியில் காலி மீன் பெட்டிகளோடு வந்த ஒரு குட்டியானைக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து சாயல்குடியில் இறக்கிவிட்டார். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார், டீக்கு மட்டும் சம்மதித்தார். வண்டியில் இன்னும் மீன் வாடை.

ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், வண்டியைப் பார்க்காமலே ‘ஒயரிங் கிட் போயிருக்கும், ஏற்றி அனுப்புங்க, பார்ட்ஸ் வர ஒரு வாரம் ஆகும்’ என்கிறார்கள். சகலை ‘உன் வண்டிக்கு மூளை ஜாஸ்தி, அதான் யோசிக்குது’ என்று சொல்லிவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போய்விட்டார்.

இது என்ன கோளாறு? வழியிலேயே சரிசெய்ய முடியுமா, இல்லை மதுரைக்கு ஏற்றித்தான் ஆக வேண்டுமா? கையில் கம்பெனி டூல்கிட், ஒரு மல்டிமீட்டர், இன்சுலேஷன் டேப், ஒரு பழைய டூத்பிரஷ் இருக்கிறது.

கிக்கர்ராஜா:

பேட்டரி டெர்மினலை டைட் செய்து பாருங்கள். கடலோரம் போனால் அங்கேதான் முதலில் பூக்கும். அடுத்த தடவை சகலை வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து போங்கள், நிம்மதி.

தென்கடல்:

தம்பி, ஒயரிங் கிட் ஒன்றும் போகவில்லை. யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பிவிடாதீர்கள். நான் கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கிறேன். தனுஷ்கோடி போய்விட்டு வருகிற வண்டிகள் காற்றுக் காலத்தில் இதே கோளாறோடு வந்து நிற்கும்.

நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. ஸ்டாண்டு மணலில் இறங்கியது என்று சொன்னீர்களே, அங்கே பாருங்கள். சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் இஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது அந்த ஸ்விட்சின் வேலை. நியூட்ரலில் இருந்தால் ஸ்டாண்டு எப்படி இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. உங்கள் வண்டி அந்த வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஸ்டாண்டு மேலே ஏறியது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பேட்டரி டெர்மினல் லூசாக இருந்தால் மீட்டரும் சேர்ந்து செத்துப் பிழைக்கும், கியருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

கிளட்சை முழுசாகப் பிடித்தபடி கியர் போட்ட உடனே அணைகிறதா, இல்லை கிளட்சை விடும்போது திணறி அணைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். பிடித்திருக்கும்போதே பட்டென்று போனால் ஸ்விட்ச். விடும்போது இழுத்து அணைந்தால் கதை வேறு.

காலையில் மக்கர், வெயில் ஏறினால் சரி என்பதற்கும் காரணம் உண்டு. காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. ஆனால் காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துத் தண்ணீராகிவிடும். நம் கரையில் ராத்திரியெல்லாம் அப்படித்தான். விடிகாலையில் கனெக்டருக்குள் உப்புத் தண்ணீர் நிற்கும், பதினொரு மணிக்குக் காய்ந்து பொடியாகிவிடும். மெக்கானிக்கிடம் மத்தியானம் கொண்டுபோனால் ‘ஒன்றும் இல்லையே’ என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது செய்ய வேண்டியது. லாட்ஜ் பைப் தண்ணீரைத் தொடாதீர்கள். ராமேஸ்வரத்தில் நீங்கள் கழுவியதும் பெரும்பாலும் போர் தண்ணீராகத்தான் இருக்கும், அது உப்பைக் கழுவவில்லை, மேலும் கொஞ்சம் பூசியிருக்கிறது. கடையில் 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று வாங்குங்கள். சாயல்குடி பஜாரில் எங்கேயும் கிடைக்கும். குடிக்கிற தண்ணீரில் வண்டி கழுவுவதா என்று சகலை கேட்பார், கேட்கட்டும்.

ஸ்டாண்டு போல்ட் இருக்கிற இடத்தில் கறுப்பாக, சிறிய டப்பி மாதிரி இருக்கும், அதிலிருந்து ஒயர் மேலே போகும். அந்த இடத்தில் டூத்பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டே தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஊற்றும்போதே ஸ்டாண்டை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள். சர்க்கரை மாதிரி மணல் வெளியே வரும், வருவது நிற்கும்வரை விடாதீர்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் வைத்து அடிக்க வேண்டாம், உப்பை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

அப்புறம் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் ஒரு கனெக்டர் வரும். ரப்பர் உறையை இழுத்துவிட்டுக் கழற்றுங்கள். பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அதுதான் உங்கள் ஒரு வாரப் பார்ட்ஸ். தீப்பெட்டியின் மருந்துப் பக்கத்தைச் சின்னதாக வெட்டி மடித்து மெதுவாகத் தேய்த்தால் பித்தளை தெரியும். நல்ல தண்ணீர் நாலு சொட்டு விட்டு உதறி, வெயிலில் காயவைத்து, கான்டாக்ட் கிளீனர் கிடைத்தால் அடித்து மாட்டுங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஈரம் போனால் போதும்.

இதற்கு மேலும் மக்கர் செய்தால் ஸ்விட்சைத் தாண்டிப் போகலாம். ஆனால் முதலில் ஒயரை எண்ணுங்கள். இரண்டு ஒயர் என்றால் கனெக்டரைக் கழற்றிவிட்டு நியூட்ரலில் சாவி போட்டு மீட்டரைப் பாருங்கள். ஸ்டாண்டு அடையாளம் மறைந்துவிட்டால் அப்படியே திறந்து விட்டு டேப் சுற்றிவிடலாம். மறையாமல் எரிந்தால், வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் உள்ள இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் சேர்க்க வேண்டும். சில வண்டியில் இப்படி, சிலதில் அப்படி. மூன்று ஒயர் இருந்தால் கை வைக்காதீர்கள். அது சென்சாராக இருக்கலாம், அதில் ஒன்று சப்ளை, தெரியாமல் சேர்த்தால் வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கே கேடு. அப்படி இருந்தால் ஒரு போட்டோ போடுங்கள், சொல்கிறேன்.

கடல்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். கரை வந்ததும் படகின் அவுட்போர்டு இஞ்சினை டிரம்மில் நல்ல தண்ணீர் வைத்து ஓடவிட்ட பிறகுதான் மற்ற வேலை. நம் ஆட்கள் லட்சக்கணக்கில் வண்டி வாங்கி, தனுஷ்கோடியில் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே கவர் போட்டு மூடிவிடுகிறார்கள்.

வைகைக்கரை:

காக்கா, ரொம்ப நன்றி. (கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்பார்களே, அந்த உரிமையில் கூப்பிட்டுவிட்டேன்.)

கிளட்சைப் பிடித்திருக்கும்போதே பட்டென்று போகிறது. நீங்கள் சொன்ன முதல் கேஸ்தான். கேன் தண்ணீர் வாங்கி வேலையை ஆரம்பித்தோம். மணல் வந்துகொண்டே இருந்தது. ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு குட்டிச் சிப்பித் துண்டுகூட இருந்தது. கனெக்டரில் ஒரு பின் முழுவதும் பச்சை. தீப்பெட்டி வைத்தியம் செய்து மாட்டியதும் கியர் போட்டால் நிற்கிறது. லாட்ஜ் வாசலில் ஸ்டாண்டைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்தேன், ஒரே ஒரு தடவை மட்டும் இருமியது. ஒயர் இரண்டுதான்.

நாளைக் காலையில் தூத்துக்குடிக்குக் கிளம்பலாமா? ரோட்டில் ஓடும்போது அணைந்ததுதான் பயமாக இருக்கிறது. பேசாமல் இப்போதே ஸ்விட்சைத் தாண்டி ஒயரைச் சேர்த்துவிடவா?

முத்துநகர்:

தூத்துக்குடியில் இருந்து எழுதுகிறேன், இந்த ரோட்டில் அடிக்கடி வண்டி ஓட்டுகிறவள். அண்ணா, ஒயர் சேர்க்கிற யோசனையை எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்டாண்டு கீழே இருப்பது தெரியாமல் கிளம்பி இடதுபக்கம் வளைந்தால், அது தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கிப் போட்டுவிடும். உங்கள் உயரமான வண்டியில் பெட்டி, பை எல்லாம் கட்டியிருப்பீர்கள். தென்கடல் அண்ணன் பட்டறைக்காரர், அவருக்குப் பழக்கம். டூர் வந்தவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

சாயல்குடியில் இருந்து தூத்துக்குடி ஒன்றும் தூரமில்லை, 60 கிலோமீட்டர் சொச்சம்தான். வேம்பார், வைப்பாறு, குளத்தூர், தருவைகுளம் என்று வழியெல்லாம் ஊர் இருக்கிறது. வண்டி நின்றால் நீங்கள் வாலிநோக்கத்தில் நின்றது போல நிற்க வேண்டாம். இதே கிழக்குக் கடற்கரைச் சாலைதான், ரோடும் நன்றாக இருக்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் காற்று பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தால் லாரியை முந்தும்போது வண்டி ஒரு முழம் தள்ளும்.

இன்னொன்று. நிழல் தேடி ரோட்டை விட்டு இறக்காதீர்கள். சீமைக் கருவேல முள் டயரில் ஏறினால் உள்ளே போய் ஒடிந்து நின்றுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்போக் வீல் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும். பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபை மட்டும் பார்த்து ஒட்டி மாட்டுவார், அடுத்த ஊரில் மறுபடி இறங்கும். டயரின் உள்பக்கத்தை ஒரு பனியன் துணியால் சுற்றித் துடைக்கச் சொல்லுங்கள், முள் இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவினால் விரல்தான் மாட்டும்.

தென்கடல்:

தங்கச்சி சொல்வது சரி. நானும் ‘இதற்கு மேலும் மக்கர் செய்தால்’ என்றுதான் எழுதினேன். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு அபிப்பிராயம். லாரிக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது இஞ்சின் அணைவதும் ஆபத்துதான். எது பெரிய ஆபத்து என்பதை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். தம்பி, நாளைக் காலை ஈரத்தோடு ஈரமாக, ஆறு மணிக்கே ஸ்டார்ட் செய்து கியர் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் இருமாவிட்டால் பகலில் இருமாது, தைரியமாகக் கிளம்புங்கள். இருமினால் ஒயரைச் சேர்த்துக்கொண்டு, கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் சகலை உங்கள் ஸ்டாண்டைப் பார்த்துக் கை காட்டட்டும். தூத்துக்குடி போனதும் முதல் வேலையாகப் புது ஸ்விட்ச் மாற்றிவிடுங்கள்.

செயினையும் இன்றே பார்த்துவிடுங்கள். தனுஷ்கோடி மணல் செயினில் இருக்கிற ஆயில் மேல் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் வேலை செய்யும். கையால் சக்கரத்தைச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறதா? மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் டீசல் கொஞ்சம் துணியில் நனைத்துத் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம், செயினில் இருக்கிற ரப்பர் ஓ-ரிங் கெட்டுவிடும். துடைத்த பிறகு 90 கியர் ஆயில் இரண்டு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். செயின் அட்ஜஸ்ட்மென்ட் எவ்வளவு என்பது பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங்ஆர்மில் உள்ள ஸ்டிக்கரிலேயே இருக்கும். முன் பிரேக்கைப் பிடித்து விட்டதும் சக்கரம் லேசாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள், கேலிப்பர் பின்னில் உப்பு ஏறினால் பேட் ஒட்டியே நிற்கும்.

வாலிநோக்கத்தில் நின்றது என்றதும் சிரிப்பு வந்தது. ஒரு காலத்தில் அங்கே கப்பல் உடைப்பார்கள். என் பட்டறையில் இருக்கிற வைஸ் அங்கே உடைத்த கப்பலில் இருந்து வந்ததுதான். இவ்வளவு உப்புக் காற்றில் இன்றுவரை அதற்குத் துரு பிடிக்கவில்லை. நம் வண்டி போல்ட்டை என்ன இரும்பில் செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

பனங்காடு:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் நாங்களும் போகிறோம். அரிச்சல்முனையில் ரோட்டை விட்டு மணலில் இறக்கி ஓட்டலாமா? ரீல்ஸில் நிறையப் பேர் ஓட்டுகிறார்களே.

முத்துநகர்:

ஓட்ட வேண்டாம். முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் நல்ல ரோடு 2017இல் திறந்தாகிவிட்டது. அதற்கு முன்னால் வேன்காரர்கள் மணலில் ஓட்டியது வேறு வழியில்லாமல். ஜனவரி முதல் மார்ச் வரை அந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும், வனத்துறை முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைப்பது அங்கேயேதான். பூநாரை வருகிற சேற்றுப் பகுதியை 2025 ஜூனில் சரணாலயமாகவும் அறிவித்துவிட்டார்கள். பார்க்கக் காய்ந்த தரை மாதிரி இருக்கும், மேலே ஓடு, உள்ளே சேறு. வண்டி அச்சு வரை இறங்கினால் இழுக்க ஆள் கிடைக்காது. மாலையில் போலீஸ் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

ஆறு மணிக்கு டெஸ்ட் செய்தோம், ஒரு இருமல்கூட இல்லை. இப்போது குளத்தூர் தாண்டி டீக்கடையில் இருந்து எழுதுகிறேன். ஒயரைச் சேர்க்கவில்லை, துண்டு ஒயர் மட்டும் பையில் தயாராக இருக்கிறது. செயின் கரகரவென்றுதான் இருந்தது, துடைத்ததும் சத்தம் பாதி குறைந்தது. முன் சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. இங்கே வந்து நிறுத்தினால் சகலையின் 350 கிக்கர் திரும்பி வர மாட்டேன் என்று பாதியில் நிற்கிறது, அவர் இப்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

காக்கா, திரும்பும்போது மணப்பாட்டில் இருந்து இதே வழியாக வந்து உங்களிடம் இரண்டு வண்டியையும் காட்டலாம் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழக்கரையில் இருப்போம். வீட்டுக்குக் கீழக்கரை இனிப்பு, தொதல் வேறு வாங்க வேண்டும்.

தென்கடல்:

கிக்கர் ஷாஃப்டில் உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, கொஞ்சம் ஆயில் விட்டுக் கையால் மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். அதற்கும் திரும்பாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் போயிருக்கும், அப்படியே ஓட்டி வரலாம், கிக்கரைக் கயிற்றால் கட்டிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத்தான் பட்டறையைத் திறப்பேன். புது ஸ்விட்ச் தூத்துக்குடியில் கிடைக்காவிட்டால் வண்டி மாடலை இன்றைக்கே எழுதுங்கள், ராமநாதபுரத்தில் சொல்லி எடுத்து வைக்கிறேன். தொதல் வாங்கும்போது சூடாக இருக்கிறதைக் கட்டிக்கொண்டு வராதீர்கள், பெட்டிக்குள் வியர்த்துவிடும்.